குடியானவர் பிள்ளைகளின் வாத்தியார் டால்ஸ்டாய்



உலகத்தின் தலைசிறந்த எழுத்தாளர்கள் யார் யார் என்று கணக்கெடுத்தால் முதல் வரிசையில் வந்து நிற்கும் பெயர் லியோ டால்ஸ்டாய். போரும் அமைதியும், அன்னா கரேனினா ஆகிய மாபெரும் நாவல்களை எழுதியவர். காந்தியடிகள் தம் வழிகாட்டிகளில் ஒருவராக மதித்தவர். இவ்வளவும் பலருக்குத் தெரியும். ஆனால் அந்த மேதை தம் ஊர்க் குடியானவர்களின் பிள்ளைகளுக்கு வாத்தியாராக இருந்தார், அவர்களுக்காக உட்கார்ந்து அரிச்சுவடி எழுதினார் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இந்த மலரில் அவர் வரலாற்றைச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. பிள்ளை பாடப் புத்தகத்தை எடுத்துக் கடகடவென்று வாசிக்கிறது. கேட்கிற தாய் தகப்பனுக்கு உள்ளம் குளிர்கிறது. சரி, இப்போ நீ வாசிச்சது என்ன கதை, சொல்லு பார்ப்போம் என்று கேட்டால் பிள்ளை திருதிருவென்று விழிக்கிறது. வாய் வாசித்தது, மனம் வாசிக்கவில்லை. இந்தத் தொல்லை இன்று நேற்று வந்ததல்ல. 160 ஆண்டுகளுக்கு முன்னால் ரஷ்ய நாட்டின் ஒரு கிராமத்தில் டால்ஸ்டாயும் இதில் மாட்டிக்கொண்டு தவித்தார். பல தடவை தோற்றார். தோற்ற பிறகுதான் வழி கண்டார். அந்த வழிக்குப் பணம் வேண்டாம், பட்டம் வேண்டாம். எழுதப் படிக்கத் தெரியாத தாயும் அதைக் கைக்கொள்ளலாம். ஆகவே அவர் கதையைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

பிறப்பும் இளமையும்

டால்ஸ்டாய் 1828ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள் பிறந்தார். ஊர் யாஸ்னயா பொல்யானா. மாஸ்கோவுக்குத் தெற்கே ஏறக்குறைய 200 கிலோமீட்டர் தூரத்தில், தூலா நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. பரம்பரைப் பிரபுக் குடும்பம். செல்வத்துக்குக் குறைவில்லை. ஆனால் இரண்டு வயது நிறையும் முன்பே தாயை இழந்தார். எட்டு வயதில் தந்தையும் போய்விட்டார். அத்தைமார்தான் எடுத்து வளர்த்தார்கள்.

1844இல் கசான் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பாடத்தில் மனம் ஒட்டவில்லை. 1847இல் பட்டம் வாங்காமலே வெளியே வந்துவிட்டார். இன்றைய விழாவில் பரிசு கிடைக்கவில்லையே என்று முகம் வாடி உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

அதே ஆண்டில் குடும்பச் சொத்தைப் பங்கு பிரித்தார்கள். பிறந்த ஊரான யாஸ்னயா பொல்யானா இவர் பங்குக்கு வந்தது. நிலத்தோடு சேர்த்து 300க்கு மேற்பட்ட பண்ணையடிமைகளும் வந்தார்கள். அந்தக் காலத்து ரஷ்யாவில் குடியானவர் பெரும்பாலோர் நிலத்தோடு கட்டிப்போடப்பட்டவர்கள். எஜமான் அனுமதி இல்லாமல் ஊரை விட்டுப் போக முடியாது. வயலில் வேலை, எஜமான் வீட்டில் வேலை, வரி, பட்டாளம் இவையே அவர்கள் கண்ட வாழ்க்கை. பிள்ளைக்கு எழுத்தறிவு என்பது எட்டாக் கனி. 1849இலேயே, இருபது இருபத்தொரு வயதில், டால்ஸ்டாய் அவர்களுக்காக ஒரு பள்ளி நடத்திப் பார்த்தார். அது நீடிக்கவில்லை.

பிறகு பட்டாளத்தில் சேர்ந்தார். 1851இல் காக்கஸஸ் மலைநாட்டுக்குப் போனார். 1854, 1855ஆம் ஆண்டுகளில் செவஸ்தோபோல் முற்றுகைப் போரில் நின்றார். 1852இல் வெளிவந்த முதல் நூலே அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. முப்பது வயதில் பணமும் புகழும் இருந்தன. ஆனால் ஊரில் கிழிந்த கோட்டும் மரநார்ச் செருப்புமாகத் திரிந்த பிள்ளைகளின் முகம் அவர் மனத்தை விட்டு அகலவில்லை.

பள்ளிக்கூடம் திறந்தது

1859ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் டால்ஸ்டாய் தம் ஊரிலேயே குடியானவர் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். சம்பளம் கிடையாது. ஆண் பிள்ளை, பெண் பிள்ளை எல்லாரும் வரலாம். ஊர் மக்கள் முதலில் நம்பவில்லை. எஜமான் காசு வாங்காமல் சொல்லிக் கொடுக்கிறார் என்றால் உள்ளே ஏதோ சூது இருக்கும், பிள்ளைகளைச் சேர்த்துப் பட்டாளத்துக்கு அனுப்பிவிடுவார் என்றுகூடப் பேசிக்கொண்டார்கள். தலைமுறை தலைமுறையாக அடிமைப்பட்டுக் கிடந்தவர்கள் அப்படிச் சந்தேகப்பட்டதில் வியப்பில்லை.

பள்ளி தொடங்கிய மறு ஆண்டே மற்ற நாடுகளில் எப்படிச் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று பார்த்துவரப் புறப்பட்டார். 1860, 1861ஆம் ஆண்டுகளில் ஜெர்மனி, பிரான்சு, இத்தாலி, இங்கிலாந்து, பெல்ஜியம் எல்லாம் சுற்றினார். மற்ற பிரபுக்கள் மாளிகை பார்க்கப் போவார்கள். இவர் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக ஏறி இறங்கினார்.

ஜெர்மானியப் பள்ளிகளில் அவர் கண்ட ஒரு பாடம் வேடிக்கையானது. சின்னஞ்சிறு பிள்ளைகள். வாத்தியார் ஒரு மீன் படத்தைக் காட்டி இது என்ன என்று கேட்கிறார். பிள்ளைகள் ஆசையோடு மீன் என்கின்றன. வாத்தியார் இல்லை என்று தலையாட்டுகிறார். அவர் மனத்தில் வேறொரு பதில் தயாராக இருக்கிறது. பிள்ளைகளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வாத்தியார் மனத்தில் இருப்பது என்னவோ என்று ஊகிக்கப் பார்க்கின்றன. கொஞ்ச நேரத்தில் கண்ணில் இருந்த ஒளி போய்விடுகிறது. தெரிந்த பதிலைச் சொன்னாலும் தப்பு என்றால், அந்தப் பிள்ளை இனி ஏன் வாயைத் திறக்கப் போகிறது?

பிரான்சு நாட்டு மார்செய் நகரில் தொழிலாளர் பிள்ளைகளின் பள்ளிகளைப் பார்த்தார். பிள்ளைகள் சரித்திரத்தைத் தலைகீழாய் ஒப்பித்தார்கள். வரிசை மாற்றிக் கேட்டால் குட்டு வெளிப்பட்டது. பிரெஞ்சு அரசர் நான்காம் ஹென்றியைக் கொன்றவர் ஜூலியஸ் சீசர் என்று கூடப் பதில் வந்தது. இருவருக்கும் நடுவில் ஆயிரத்து அறுநூறு ஆண்டு இடைவெளி! ஆனால் அதே ஊர் மக்கள் தெருவில் பேசும்போது சூட்டிகையாக இருந்தார்கள். இவர்கள் எங்கே படித்தார்கள் என்று தேடினார். மலிவு விலைக் கதைப் புத்தகங்கள், காப்பிக் கடைகளில் நடக்கும் சிறு நாடகங்கள், வேலை முடிந்து கூடிப் பேசும் பேச்சு, இவைதான் அவர்களின் உண்மையான பள்ளிக்கூடம் என்று கண்டுகொண்டார். மனிதன் தான் கேட்டதையும் படித்ததையும் இன்னொருவரோடு பேசும்போதுதான் அது அவனுக்குச் சொந்தமாகிறது என்ற எண்ணம் அவருக்குள் விழுந்தது.

ரஷ்யாவில் 1861ஆம் ஆண்டு பண்ணையடிமை முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. டால்ஸ்டாய் ஊர் திரும்பிப் பள்ளியில் முழு மூச்சாக இறங்கினார். ஒரு மாடி வைத்த கல் கட்டடம். வாசலில் மணி கட்டித் தொங்கவிட்டார்கள். குளிர்காலத்தில் எட்டு மணிக்கும் இருட்டு விலகாது. மணிச் சத்தம் கேட்டதும் பனியில் சின்னச் சின்ன உருவங்கள் இரண்டும் மூன்றுமாக மேட்டில் ஏறி வருவது தெரியும். கையில் புத்தகமும் இல்லை, சிலேட்டும் இல்லை. வீட்டுப் பாடம் என்பதே கிடையாது. ஏறக்குறைய 40 பிள்ளைகள் பெயர் கொடுத்திருந்தார்கள். ஒரே நேரத்தில் 30 பேருக்கு மேல் வருவது அபூர்வம். வயது ஏழு முதல் பதின்மூன்று. பெரியவர்கள் மூன்று நான்கு பேரும் வந்து உட்கார்ந்தார்கள். பெஞ்சி, மேசை, ஜன்னல் விளிம்பு, தரை, எங்கே வசதியோ அங்கே இருக்கலாம். பிரம்புக்கு அங்கே வேலை இல்லை.

அடி இல்லாத இடத்தில் படிப்பு எப்படி வரும் என்று சில பெற்றோர் முணுமுணுத்தார்கள். பிள்ளைகளோ பொழுது சாய்ந்த பிறகும் வீட்டுக்குப் போக மனமில்லாமல் வாத்தியாரைச் சுற்றிக்கொண்டு நின்றார்கள்.

படிக்கிறார்கள், புரியவில்லை

இனிதான் விஷயமே வருகிறது. பிள்ளைகள் எழுத்தைக் கற்றுக்கொண்டார்கள். எழுத்துக் கூட்டி வாசிக்கவும் வந்துவிட்டது. டால்ஸ்டாய் மகிழ்ச்சியோடு நல்ல நல்ல புத்தகங்களை எடுத்துக் கொடுத்தார். ராபின்சன் குரூசோ கதையைக் கொண்டுவந்தார். உலகத்துப் பிள்ளைகள் எல்லாம் விரும்பும் கதையாயிற்றே! ஒரு மாதம் இழுத்தது. பிள்ளைகளுக்குக் கதை ஓடவில்லை. புரியவில்லையே, திருப்பிச் சொல்ல முடியவில்லையே என்று சிலர் அழுதே விட்டார்கள். பெருங்கவிஞர் புஷ்கினின் கதையை எடுத்தார். அதுவும் பலிக்கவில்லை. கோகோலை எடுத்தார். முதலில் அதுவும் அப்படித்தான்.

ஆனால் பாட்டி சொல்லும் நாடோடிக் கதைகளைத் தொகுத்த புத்தகம் கிடைத்தபோது மட்டும் கதை வேறாக இருந்தது. ஒரே புத்தகத்தின் மேல் இரண்டு மூன்று தலைகள் முட்டிக்கொண்டு வாசித்தன. ஒருவன் தடுமாறினால் பக்கத்தில் இருப்பவன் எடுத்துக் கொடுத்தான்.

ஏன் இப்படி என்று டால்ஸ்டாய் யோசித்தார். குறை பிள்ளைகளின் மூளையில் இல்லை என்று தெரிந்தது. புத்தகத்தின் மொழி ஒரு கரையிலும் பிள்ளை வீட்டில் பேசும் மொழி மறு கரையிலும் இருந்தன. நடுவில் பாலம் இல்லை. நாடோடிக் கதை மட்டும் வீட்டு மொழிக்குப் பக்கத்தில் இருந்தது. ஆகவே அது உள்ளே போயிற்று.

கடினமான சொல்லுக்குப் பொருள் சொல்லிக் கொடுத்தால் சரியாகிவிடும் என்று முதலில் நினைத்தார். அதையும் செய்து பார்த்தார். மனப்பதிவு என்பது போன்ற ஒரு சொல் வருகிறது. பிள்ளைக்குப் புரியவில்லை. அதற்கு விளக்கம் சொல்லப் போனால் அதைவிடக் கடினமான நான்கு சொற்கள் வந்து நிற்கின்றன. ஒரு முடிச்சை அவிழ்க்கப் போய் நான்கு முடிச்சு!

கடைசியில் அவர் கண்ட உண்மை இதுதான். குழந்தை பேச்சைக் கற்றுக்கொண்டது எப்படி? யாரும் அகராதி வைத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. புரிகிற பேச்சின் நடுவில் புரியாத ஒரு சொல் காதில் விழுகிறது. இன்னொரு நாள் வேறொரு பேச்சில் அதே சொல் வருகிறது. மங்கலாக ஏதோ பிடிபடுகிறது. ஒருநாள் பிள்ளைக்கே அந்தச் சொல் தேவைப்படுகிறது; சொல்லிப் பார்க்கிறது. சொன்ன அந்த நிமிடத்தில் சொல்லும் அதன் பொருளும் பிள்ளையின் சொத்தாகிவிடுகின்றன. ஆகவே பிள்ளைக்கு நிறையக் கதை கேட்கவும் வேண்டும், கேட்டதைத் தன் வாயால் பேச இடமும் வேண்டும்.

அந்த இடத்தைக் கொடுப்பதிலும் டால்ஸ்டாய் ஒரு தப்புச் செய்தார். அதை மறைக்காமல் எழுதியும் வைத்தார். கதை முடிந்ததும் பிள்ளைகளை ஒவ்வொருவராக எழுப்பி, நீ சொல் என்று கேட்டார். வெளியே மான்குட்டி போல் துள்ளுகிற பையன் எழுந்து நின்றதும் மரக்கட்டை ஆகிவிட்டான். கண் வெறித்தது, உதடு மட்டும் அசைந்தது. கதையில் இருந்த நான்கைந்து சொற்களைப் பொருளில்லாமல் உளறினான். இது பாடம் இல்லை, பெரியவன் ஒருவன் சிறியவனை நிறுத்தி வைத்து வதைப்பது என்று டால்ஸ்டாய் உணர்ந்தார்.

அன்று முதல் முறையை மாற்றினார். எல்லாரும் சேர்ந்து சொல்லலாம் என்று விட்டார். ஆரம்பத்தில் ஒரே கூச்சல். முப்பது வாயும் ஒரே நேரத்தில் பேசின. புதிதாக வருகிறவர் பார்த்தால் சந்தைக்கடை என்றுதான் நினைப்பார். போகப் போக என்ன நடந்தது? ஒருவன் சொல்லும்போது இடையில் விட்டுப் போனதை இன்னொருவன் நிரப்பினான். தப்பாகச் சொன்னால் மூன்றாமவன் மறுத்தான். மறுப்பதற்காகவே மற்றவன் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டான். கூச்சல் குறைந்தது; கதை துலங்கியது. கட்டொழுங்கு வெளியிலிருந்து வரவில்லை. கதையின் மேல் இருந்த ஆசையே அதைக் கொண்டுவந்தது.

வாத்தியார் மாணவர் ஆனார்

பேசப் பழகிய பிள்ளைகள் அதோடு நின்றுவிடவில்லை. ஒரு நாள் டால்ஸ்டாய் பழமொழி நூல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். கரண்டியால் ஊட்டிவிட்டு அதன் காம்பாலேயே கண்ணைக் குத்துவது பற்றிய பழமொழி அது. நாம் பிள்ளையையும் கிள்ளித் தொட்டிலையும் ஆட்டுவது என்கிறோமே, ஏறக்குறைய அந்த மாதிரி. இதற்கு ஒரு கதை எழுதுங்களேன் என்றார். பிள்ளைகள் தயங்கினார்கள். நீங்களே எழுதுங்கள் என்றார்கள். அவர் எழுத ஆரம்பித்தார். பிள்ளைகள் தோளுக்குப் பின்னால் வந்து நின்று எட்டிப் பார்த்தார்கள். அப்புறம் வாய் சும்மா இருக்குமா? இது இப்படி இருக்காது, அந்தக் கிழவன் அப்படிப் பேசமாட்டான் என்று திருத்த ஆரம்பித்துவிட்டார்கள். சிறிது நேரத்தில் பிள்ளைகள் சொல்லச் சொல்ல டால்ஸ்டாய் எழுதிக்கொண்டிருந்தார்.

மற்றவர்கள் போன பிறகும் ஃபேத்கா, ஸ்யோம்கா என்ற இரண்டு பையன்கள் விடவில்லை. மாலை ஏழு மணிக்குத் தொடங்கி இரவு பதினொரு மணி வரை பசி தூக்கம் மறந்து உட்கார்ந்தார்கள். கதையில் பக்கத்து வீட்டுக்காரர் அவசரமாக ஓடிவரும் இடம் வந்தது. அவர் தம் மனைவியின் கோட்டை மாட்டிக்கொண்டு வந்தார் என்று போடச் சொன்னான் ஃபேத்கா. எதற்கு என்று முதலில் டால்ஸ்டாய்க்குப் புரியவில்லை. யோசித்தபோது வியந்துபோனார். அவசரத்தில் கைக்கு எது அகப்பட்டதோ அதை மாட்டிக்கொண்டு ஓடிவரும் குடியானவனை அந்த ஒரே ஒரு கோட்டு கண் முன்னால் நிறுத்திவிட்டது. பத்துப் பதினோரு வயதுப் பையன்!

அந்தக் கதை எழுதிய தாள்களுக்கு ஒரு விபத்தும் நேர்ந்தது. மற்றப் பிள்ளைகள் தெரியாமல் அவற்றை எடுத்துக் காகிதச் சேவல் செய்து விளையாடி அடுப்பில் போட்டுவிட்டார்கள். டால்ஸ்டாய்க்குத் தாங்க முடியாத வருத்தம். பையன்கள் இருவரும் அவர் வீட்டுக்கே வந்து, இரவு தங்கி, முழுக் கதையையும் திரும்ப எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் தூங்கினார்கள். அந்தக் கதை டால்ஸ்டாய் 1862இல் நடத்திய யாஸ்னயா பொல்யானா என்ற கல்வி இதழில் அச்சேறியது. குடியானவர் பிள்ளைகள் நம்மிடம் எழுதக் கற்க வேண்டுமா, நாம் அவர்களிடம் கற்க வேண்டுமா என்று கேட்டு அவர் ஒரு கட்டுரையே எழுதினார்.

இன்னொரு குளிர்கால இரவு. பள்ளியில் கோகோலின் பேய்க்கதை ஒன்றைப் படித்து முடித்திருந்தார்கள். முன்பு பிடிபடாத அதே கோகோல்தான். டால்ஸ்டாய் மூன்று பையன்களோடு காட்டு ஓரமாக நடந்து வந்தார். இருட்டு. கதையின் பயம் இன்னும் விலகவில்லை. ஃபேத்கா அவருடைய இரண்டு விரலை மட்டும் பிடித்துக்கொண்டு நடந்தான். பேச்சு எங்கெங்கோ போயிற்று. பாட்டுப் படிப்பது எதற்கு, படம் வரைவது எதற்கு என்று பையன்கள் கேட்டார்கள். ஒரு மரம் நிற்கிறதே, அது எதற்கு என்று பேச்சு வந்தது. வெட்டினால் வீட்டுக்கு உத்திரமாகும். வெட்டாமல் நின்றால்? கண்ணுக்கு அழகு. எல்லாப் பொருளுக்கும் பயன் மட்டுமே மதிப்பில்லை என்ற பெரிய உண்மையை அந்தப் பிள்ளைகளே பேசிப் பேசிக் கண்டுபிடித்தார்கள். படித்த கதை புத்தகத்தோடு முடியவில்லை. அது வழிநெடுகப் பேச்சாக வளர்ந்தது.

அரிச்சுவடி பிறந்தது

நல்ல காரியத்துக்கு இடையூறும் வரத்தானே செய்யும்? 1862ஆம் ஆண்டு ஜூலை மாதம் டால்ஸ்டாய் ஊரில் இல்லாத சமயத்தில் போலீசார் வந்து இரண்டு நாள் வீட்டையும் பள்ளியையும் சோதனை போட்டார்கள். அரசாங்கத்துக்கு எதிராக அச்சடிக்கிறார் என்று சந்தேகம். ஒன்றும் அகப்படவில்லை. ஆனால் அவர் மனம் மிகவும் நொந்துபோயிற்று. அதே ஆண்டு சோபியா என்ற பெண்ணை மணந்தார். குடும்பம், நாவல் என்று வேலைகள் சேர்ந்தன. பள்ளி மூடப்பட்டது. ஆறு ஆண்டுகளுக்கு மேல் உழைத்துப் போரும் அமைதியும் நாவலை 1869இல் முடித்தார்.

உலகமே புகழ்ந்தது. அவர் மனமோ பழைய பிள்ளைகளிடமே திரும்பிற்று. அன்று கண்ட பாலம் இல்லாத ஆற்றை அவர் மறக்கவில்லை. குடியானவர் பிள்ளையும் அரண்மனைப் பிள்ளையும் ஒரே புத்தகத்தில் படிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு அரிச்சுவடி எழுதத் தொடங்கினார். கிரேக்க மொழியைக் கற்றுக்கொண்டு ஈசாப்பின் கதைகளை மூலத்திலேயே படித்துச் சொன்னார். 1872ஆம் ஆண்டு ஜனவரியில் பள்ளியைத் தம் வீட்டுக்குள்ளேயே திரும்பத் திறந்தார். சுமார் 35 பிள்ளைகள் வந்தார்கள். மனைவியும் பாடம் சொன்னார். எட்டு வயது மகனும் ஏழு வயது மகளும்கூடப் புதிய பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள்!

அந்த ஆண்டிலேயே அரிச்சுவடி வெளிவந்தது. முதலில் விலை போகவில்லை. கல்விமான்கள் குறை சொன்னார்கள். டால்ஸ்டாய் சோர்ந்து உட்காரவில்லை. 1875இல் சுருக்கி, எளிமையாக்கிப் புதிய அரிச்சுவடி என்று வெளியிட்டார். கல்வி அமைச்சு அதைப் பள்ளிகளுக்கு ஏற்றுக்கொண்டது. அவர் காலத்திலேயே பல பதிப்புகள் கண்டு லட்சக்கணக்கில் விற்றது. அன்னா கரேனினா நாவலையே இடையில் நிறுத்தி வைத்துவிட்டுப் பள்ளி வேலையைப் பார்த்த காலமும் உண்டு. கற்பனை மனிதர்களைவிட உயிருள்ள பிள்ளைகள் அவருக்கு முக்கியமாகப் பட்டார்கள்.

அவர் பிள்ளைகளுக்கு எழுதிய கதைகளில் ஒன்றைப் பாருங்கள். தாய் பிளம் பழம் வாங்கி வந்து, சாப்பாட்டுக்குப் பிறகு கொடுக்கலாம் என்று தட்டில் வைத்திருக்கிறாள். சின்னப் பையன் வான்யா அந்தப் பழத்தைத் தின்றதே இல்லை. யாரும் இல்லாத நேரம் ஒன்றை எடுத்துத் தின்றுவிடுகிறான். சாப்பிடும்போது தகப்பன் விசாரிக்கிறார். எல்லாப் பிள்ளைகளும் இல்லை என்கிறார்கள். வான்யாவும் முகம் சிவக்க இல்லை என்கிறான். தகப்பன் சொல்கிறார், தின்றது நல்லதல்ல, அதைவிடப் பெரிய கவலை என்னவென்றால், கொட்டையை விழுங்கினவன் ஒரு நாளில் இறந்துவிடுவான். வான்யா முகம் வெளுத்து, இல்லை, கொட்டையை ஜன்னல் வழியாக எறிந்துவிட்டேன் என்கிறான். எல்லாரும் சிரித்தார்கள். வான்யா அழுதான். கதை முடிந்தது.

இதனால் அறியப்படும் நீதி யாதெனில் என்று கடைசியில் ஒரு வரி கிடையாது. ஏன்? அந்த வரியைப் பிள்ளைகள் பேசிக் கண்டுபிடிக்கட்டும் என்று விட்டிருக்கிறார். எல்லாரும் சிரிக்கும்போது வான்யா மட்டும் ஏன் அழுதான்? தகப்பன் சொன்னது உண்மையா, தந்திரமா? அப்படிச் செய்தது சரியா? நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்? நான்கு வரிக் கதையை வைத்துக்கொண்டு ஒரு வீடே அரைமணி நேரம் பேசலாம்.

இறுதிக் காலமும் தமிழ்த் தொடர்பும்

வயதான காலத்தில் டால்ஸ்டாய் எளிய உடை உடுத்தி, தம் கையாலேயே வேலை செய்து, அன்பையும் அகிம்சையையும் போதித்தார். 1907ஆம் ஆண்டில், எண்பதை நெருங்கும் வயதிலும், ஊர்ப் பிள்ளைகளைச் சேர்த்து வைத்துப் பாடம் சொன்னார். 1908இல் இந்திய விடுதலை வீரர் தாரகநாத் தாசுக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் நம் திருக்குறளிலிருந்து, தீமை செய்தவருக்கும் நன்மையே செய்யச் சொல்லும் கருத்துகளை எடுத்துக் காட்டினார். அக்கடிதத்தைக் காந்தியடிகள் குஜராத்தியில் மொழிபெயர்த்தார். 1910இல் தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க் அருகே அமைந்த குடியிருப்புக்கு டால்ஸ்டாய் பண்ணை என்று பெயர் வைத்தார்கள். அறப்போராட்டத்தில் ஈடுபட்ட தமிழ்க் குடும்பங்களும் அங்கே தங்கின. தமிழ்ப் பிள்ளைகளுக்குக் காந்தியடிகள் தமக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழை வைத்துக்கொண்டே பாடம் சொன்னார். புத்தகத்தை மனப்பாடம் செய்ய வைப்பதைவிட, தாம் படித்ததை வாய்மொழியாகச் சொன்னபோது பிள்ளைகள் எளிதில் பற்றிக்கொண்டு திருப்பிச் சொன்னார்கள் என்பது அவருடைய அனுபவமும்கூட.

1910ஆம் ஆண்டு நவம்பர் மாதம் டால்ஸ்டாய் வீட்டை விட்டுப் புறப்பட்டார். ரயில் பயணத்தில் நோய் கண்டது. அஸ்தாபோவோ என்ற சிறிய நிலையத்தில், நிலைய அதிகாரியின் வீட்டில், நவம்பர் 20ஆம் நாள் 82ஆம் வயதில் கண் மூடினார். பிறந்த ஊரிலேயே காட்டு ஓரத்தில் அடக்கம் செய்தார்கள். அன்று இருட்டில் இரண்டு விரலைப் பிடித்துக்கொண்டு நடந்தானே ஃபேத்கா, அவருடைய உண்மைப் பெயர் வசீலி மொரோசோவ். பிற்காலத்தில் அவர் தம் ஆசிரியரைப் பற்றிய நினைவுகளை எழுதி வைத்தார். அது நூலாகவும் வந்தது. ஒரு வாத்தியாருக்கு இதைவிட வேறு என்ன பரிசு வேண்டும்?

பெற்றோருக்கு ஒரு சொல்

விடிய முன் எழுந்து வேலைக்குப் போய், உடம்பு களைத்து வீடு திரும்பும் பெற்றோர்களே! எனக்கே எழுத்துத் தெரியாது, நான் எங்கே பிள்ளைக்குப் பாடம் சொல்வது என்று நீங்கள் ஒதுங்கிவிட வேண்டாம். டால்ஸ்டாய் கற்ற பாடத்தில் எழுத்துத் தெரிந்தவர் செய்வதைவிடக் காது கொடுப்பவர் செய்வதே அதிகம்.

இராத்திரி சாப்பிட்ட பிறகு பத்து நிமிடம் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். பாடத்தை ஒப்பி என்று அதட்ட வேண்டாம். இன்னைக்கு என்ன கதை படிச்சே, எனக்குச் சொல்லு என்று கேளுங்கள். உங்களுக்குக் கதை தெரியாது என்பதே இதில் பெரிய நன்மை. தெரியாதவருக்குச் சொல்லும்போதுதான் பிள்ளை உண்மையாகவே சொல்கிறது. புத்தகத் தமிழில் சொல்லத் தேவையில்லை. வீட்டில் பேசுகிற பேச்சிலேயே சொல்லட்டும். தடுமாறினால் தலையில் குட்டாதீர்கள். அப்புறம் என்ன ஆச்சு என்று மட்டும் கேளுங்கள். அவன் ஏன் அப்படிச் செஞ்சான், நீயா இருந்தா என்ன செய்வே என்று கேளுங்கள். உங்கள் மனத்தில் ஒரு பதிலை ஒளித்து வைத்துக்கொண்டு கேட்காதீர்கள். அது மீன் படத்துக் கதையாகிவிடும். அண்ணன் தம்பி அக்காள் தங்கை குறுக்கே பேசினால் பேசட்டும். உங்கள் பாட்டி உங்களுக்குச் சொன்ன கதையையும் எடுத்துச் சொல்லுங்கள். புத்தகத்துக்குப் போகும் பாலத்தின் முதல் பலகை அதுதான்.

மாணவச் செல்வங்களே! இன்று மேடையில் பரிசாக ஒரு புத்தகம் வாங்கியவர்கள் அதை அலமாரியில் பூட்டி வைக்க வேண்டாம். இன்றிரவே ஒரு பக்கம் வாசித்து அம்மாவுக்குச் சொல்லுங்கள். பரிசு வாங்காதவர்கள் நண்பனுடைய புத்தகத்தின் மேல் தலையை முட்டிக்கொண்டு சேர்ந்து வாசியுங்கள். யாஸ்னயா பொல்யானா பிள்ளைகள் அப்படித்தான் வாசித்தார்கள்.

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!